குட்டி யானைக்கு டைமிங் பெல்ட்: வீட்டில் வைத்தே மாற்றலாமா?

மே 3, தேவகோட்டையிலிருந்து ஒரு கேள்வி

2008 குட்டி யானை (டாடா ஏஸ்) வைத்திருக்கிறேன். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆயில் மாற்றப் போன இடத்தில் டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடச் சொல்கிறார் மெக்கானிக். ஓடுகிற பெல்ட்டை எதற்குக் கழற்ற வேண்டும்? அறுந்தால் அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாமே. காசு பார்க்கச் சொல்கிறாரோ என்று சந்தேகம். அப்படியே மாற்றுவதென்றாலும் வீட்டில் நாமே செய்ய முடியுமா?

மே 4, இரவு 9.40

அறுந்த பிறகு போடுவதெல்லாம் ஃபேன் பெல்ட்டுக்குச் சரி. இது அறுந்தால் பெல்ட்டோடு போகாது.

கீழே பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, அதாவது க்ராங்க், இரண்டு சுற்று சுற்றினால் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டு, அதாவது கேம், ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது பல் வைத்த இந்த ரப்பர் பட்டை ஒன்றுதான். உள்ளே கண்ணாடி இழை நூல் ஓடும், அதனால்தான் இழுபடாமல் நிற்கிறது. டீசல் எஞ்சினில் காற்றை நெருக்கி அமுக்கினால்தான் டீசல் தானாகப் பற்றும். அதற்காகவே பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இடமே விடமாட்டார்கள். பெல்ட் அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும். திறந்திருந்த வால்வு திறந்தபடியே தொங்கும். க்ராங்க் ஓடிய வேகத்தில் பிஸ்டன் போய் அதை முட்டும். அப்புறம் ஹெட்டை இறக்கு, வால்வை மாற்று, கைடைப் பார், ஹெட் கேஸ்கட் வாங்கு. ஆயிரத்தில் முடிய வேண்டியது பல ஆயிரத்துக்குப் போகும். உங்கள் மெக்கானிக் சொன்னது நியாயம்தான்.

வீட்டில் முடியுமா என்றால், முடியும். நான் மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 4 வருடம் ஹெல்பராக இருந்தவன். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல்கள் வரிசையாக வரும். 1,00,000 கி.மீ. ஆனதும் அதில் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று விளக்கு எரியும், முதலாளி எங்களைக் கூப்பிடுவார். இதுவும் அதே வேலைதான். முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்து, குறி போடு, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்து, பழசைக் கழற்று, புதுசைப் போடு. ஒரு ஸ்பேனர் செட், ஒரு டார்க் ரெஞ்ச், நாலு மணி நேரம். காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவிவிடலாம்.

மே 4, இரவு 10.15

விட்டுப்போனது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனர் பேரிங்கைப் பழசாகவே விட்டால், பேரிங் பிடித்துக்கொண்டு புதுப் பெல்ட்டையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

மே 6

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பெரும்பாலும் 60,000க்கும் 1,00,000க்கும் நடுவே இருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பருக்கு வயதும் கணக்கு, ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் 5 வருடம் போனால் சந்தேகப்பட வேண்டும்.

இதை எழுதிவிட்டு வெளியே போய் என் குட்டி யானையின் மீட்டரைப் பார்த்தேன். 87,412. மூன்று வருடமாக அதே 87,412. கேபிள் அறுந்து கிடக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டு லட்சணம் இது.

மே 6, சாயங்காலம்

டீசல் போட்ட சீட்டுகளை அப்பத்தா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் திணித்து வைத்திருந்தது. எல்லாவற்றையும் கொட்டிக் கூட்டினேன். மாதத்துக்குச் சராசரியாக 70 லிட்டர். என் வண்டி ஏற்றத்தோடும் காலியாகவும் கலந்து லிட்டருக்கு 18 கொடுக்கும். 70 பெருக்கல் 18, மாதம் 1,260. மூன்று வருடத்துக்கு 45,000 சொச்சம். ஆக வண்டி 1,32,000 தாண்டியிருக்கிறது. வாங்கும்போது, "பெல்ட் மாத்தியாச்சு தம்பி" என்றார் வண்டியின் பழைய சொந்தக்காரர். எப்போது என்று நான் கேட்கவில்லை. அவர் மாற்றியது ஃபேன் பெல்ட்டாகவும் இருக்கலாம்.

மே 7

புதுவயல் அரிசி ஆலைக்கு லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், "எங்க லாரியில் பல்சக்கரம் தம்பி, ஜென்மத்துக்கும் இந்தப் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். பெரிய லாரி எஞ்சின்களில் கியர்தான். அது கனம், சத்தம், விலை. கார்களுக்குச் சங்கிலி இருந்தது. 1962இல் ஜெர்மனியில் கிளாஸ் என்ற சின்ன கம்பெனி தன் 1004 மாடலில், மொத்தமாகத் தயாரித்த கார்களில் முதன்முதலாக, இந்தப் பல் பட்டையைக் கேமுக்குப் போட்டது. சத்தம் குறைவு, எண்ணெய் வேண்டாம், செலவு கம்மி. 1976இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் டீசலிலும் பெல்ட்தான். அப்படியே பரவி இங்கே ஆத்தங்குடி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அண்ணே, உங்கள் லாரியைக் கல்லுப்பட்டறைச் சந்துக்குள் திருப்பிக் காட்டுங்கள், பார்ப்போம்.

மே 11, காலை

சும்மா இருக்க முடியவில்லை. இன்றைக்கு லோடு இல்லை. வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, டைமிங் கவரைப் பார்க்கலாம் என்று போனேன். மேல் கவர் இருக்கிறது. கீழ்க் கவர் இல்லை! முன்பு எண்ணெய் ஒழுக்குக்குக் கழற்றியவர் திருப்பிப் போடவே இல்லை. எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, நானும் அன்றைக்குப் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நம்ம செம்மண் புழுதி தெரியும்தானே. பெல்ட் முழுக்கச் சிவப்பு. துடைத்துப் பார்த்தால் முதுகில் பொடிப்பொடியாக வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்து நிற்கிறது. ஒரு பல்லின் அடியில் விரிசல். மூன்று வருடமாக இதை வைத்துக்கொண்டுதான் கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் தரைக் கல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கேள்வி கேட்ட தேவகோட்டை அண்ணனுக்கு என் நன்றி.

மே 11, இரவு

காரைக்குடிக்குப் போய் பெல்ட், டென்ஷனர் பேரிங், க்ராங்க் ஆயில் சீல், கேம் ஆயில் சீல் எல்லாம் வாங்கி வந்தேன். 1,900 ரூபாய். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் இந்தச் சீல் நான் மே 4இல் சொன்ன பட்டியலில் இல்லாதது. ஆனால் பெல்ட்டின் கீழ்ப்பக்கம் எண்ணெய் ஈரம் இருந்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பும். இவ்வளவு கழற்றிய பிறகு சீலை விட்டுவைப்பது முட்டாள்தனம்.

மே 12, மத்தியானம்

நாலு மணி நேரம் என்று எழுதியவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

க்ராங்க் கப்பி போல்ட் ஒன்றுக்கே மூன்று மணி நேரம். டாப் கியரில் போட்டு, தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ரெஞ்சில் நாலடி பைப்பைச் செருகி இழுத்தேன். வண்டிதான் நகர்ந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் எடுத்த தம்பியை அப்பத்தா திட்டியது, "நொறுங்குனா உம் மேலதான்டா ஏறும்." அப்புறம் கொட்டகையில் கிடந்த உத்திரத் துண்டு வந்தது. இடித்த வீடு ஒன்றில் கல் இறக்கப் போனபோது சும்மா கொடுத்தார்கள், பர்மா தேக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டையை விற்றால் பத்துப் பெல்ட் வாங்கலாமே என்றார். வாங்கலாம். வண்டி நகரவில்லை, போல்ட் கழன்றது.

மஸ்கட்டில் இதற்கெல்லாம் காற்றுத் துப்பாக்கி இருந்தது. டர்ர் என்று ஒரு சத்தம், போல்ட் கையில். அதை மறந்துவிட்டுத்தான் நாலு மணி நேரக் கணக்கு போட்டிருக்கிறேன்.

யாரோ ஒருவர், ரெஞ்சைச் சேஸில் முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போல்ட் தானே கழலும் என்று எழுதியிருக்கிறார். கழலும். ரெஞ்ச் நழுவினால் முழங்கை போகும். அப்படி அடிபட்ட ஒருவரை எனக்குத் தெரியும். செய்யாதீர்கள்.

மே 12, இரவு

கடையில் கொடுத்த பெல்ட் தப்பு. அகலம் அதே, பல்லின் வடிவமும் அதே. பழசையும் புதுசையும் சேர்த்துத் தொங்கவிட்டால் ஒரே நீளம் மாதிரித்தான் தெரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணினேன், இரண்டு தடவை எண்ணினால் இரண்டு கணக்கு வருகிறது. அப்பத்தா வாங்கி மடியில் போட்டு, பூக்கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாய்த் தள்ளி எண்ணியது. பழசை விடப் புதுசில் ஒரு பல் குறைவு. மறுபடி எண்ணச் சொன்னேன். "நாஞ்சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போய்விட்டது.

பெட்டியின் மேல் நம்பரும் பெல்ட்டின் முதுகில் அச்சடித்த நம்பரும் வேறு வேறு. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் கடையிலேயே எண்ணியிருந்தால் ஒரு நாள் மிச்சம். இன்னொன்று, பெல்ட்டை மடக்காதீர்கள், முறுக்காதீர்கள், உள்பக்கத்தை வெளியே திருப்பாதீர்கள். உள்ளிருக்கும் கண்ணாடி நூல் முறிந்துவிடும், வெளியே தெரியாது.

மே 14, சாயங்காலம் 6.20

ஸ்டார்ட் ஆகிவிட்டது!!

மே 14, இரவு

நிதானமாக எழுதுகிறேன். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் அமுக்கம் வெளியே போய்விடும், ஒற்றைக் கையால் க்ராங்கைச் சுற்றலாம். ஓடும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். உச்சிக்கு வந்ததும் கேம் சக்கரத்துக் குறியும் க்ராங்க் குறியும் தெளிவாகத் தெரிந்தன. இதே பெல்ட் சுற்றும் டீசல் பம்ப் சக்கரத்தில் மட்டும் குறி எங்கே என்று பார்க்க முடியவில்லை, அவ்வளவு அழுக்கு. பெயிண்ட் தேடினால் டப்பா காய்ந்து கிடக்கிறது. அப்பத்தாவின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து, பம்ப் சக்கரத்தில் ஒரு பொட்டு, அதற்கு நேரே எஞ்சின் உடம்பில் ஒரு பொட்டு. மூளை என்றால் இதுதான் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

புதுப் பெல்ட்டைப் போட்டு, ஸ்டார்ட்டரைத் தொடாமல் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றினேன். எங்கேயும் முட்டவில்லை. பிறகுதான் சாவி.

மே 15

பெல்ட்டில் போட்ட குறிகள் இரண்டு சுற்றுக்கு அப்புறம் சக்கரத்துக் குறிகளோடு சேரவில்லை, தப்பாகப் போட்டுவிட்டேனா என்று சிங்கம்புணரித் தம்பி ஒருவர் கேட்கிறார். பதற வேண்டாம் தம்பி. பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு, சக்கரத்தின் எண்ணிக்கை வேறு, அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். சக்கரத்துக் குறிக்கு எதிரே எஞ்சின் உடம்பில் இருக்கும் குறி சேருகிறதா என்பதுதான் கேள்வி.

மே 16

அந்தத் தம்பிக்குப் பெரிய மனுஷனாட்டம் பதில் சொன்னேன். இன்றைக்குக் காலையில் என் வண்டி பத்துத் தடவை உறுமிய பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் தெருவெல்லாம் வெள்ளைப் புகை. கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டு ஆச்சி ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஆத்தங்குடியில் கல் ஏற்றினேன். கண்ணாடித் தட்டில் வண்ணம் ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல். கனமும் அதிகம், தட்டினால் உடையும். ஆகவே நான் எப்போதுமே மெதுவாகப் போகிறவன், இழுவை இல்லாதது சட்டென்று தெரியாது. நம்ம சீமையில் ஏற்றம் ஏது? கண்மாய்க் கரை ஏறினால்தான் ஏற்றம். எப்போதும் மூன்றாவது கியரில் ஏறுகிற கரையில் இன்று முதல் கியர் கேட்டது.

மே 16, இரவு

காலையில் வெள்ளைப் புகை, ஸ்டார்ட்டிங் கஷ்டம், இழுவை குறைவு. மூன்றும் சேர்ந்தால் டீசல் தாமதமாக விழுகிறது என்று அர்த்தம். பம்ப் பின்தங்கி நிற்கிறது. ஒரு பல்லாக இருக்கும். ஒரு பல்தானே என்று தோன்றும். க்ராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், 360ஐ 20ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 18 டிகிரி. டீசல் விழும் நேரத்தை ஓரிரு டிகிரிக்குள் பிடிக்கிற எஞ்சினுக்கு 18 டிகிரி என்பது காலைப் பஸ்ஸுக்கு மத்தியானம் போய் நிற்கிற மாதிரி.

இரண்டு சுற்று சுற்றி முட்டவில்லை என்றதும் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன். வால்வு முட்டாது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. பம்ப் எங்கே நின்றாலும் முட்டாது, பிஸ்டன் முட்டுகிற வால்வு அதற்குள்ளே ஏது.

மே 18

மறுபடியும் எல்லாம் கழற்றினேன். சுண்ணாம்புதான் குற்றவாளி. காய்ந்து உதிர்ந்திருக்கிறது, துடைத்த துணியில் கொஞ்சம், சக்கரத்தில் ஒரு தேய்ப்பு. அந்தத் தேய்ப்பை நான் பொட்டு என்று நினைத்திருக்கிறேன். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துப் பம்ப் சக்கரத்தைத் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் கம்பெனிக் குறி பளிச்சென்று தெரிந்தது. முதல் நாளே தேய்த்திருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். இந்த முறை வெள்ளை பெயிண்ட், சின்ன டப்பா, 40 ரூபாய்.

இன்னொரு தப்பும் கண்டுபிடித்தேன். பெல்ட் கழன்றதும் பம்ப் சக்கரம் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கால் லேசாகத் துள்ளும். அதைக் குறிக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டே பெல்ட்டை மாட்ட வேண்டும். கீழே க்ராங்கில் ஆரம்பித்து, இழுபடும் பக்கம் தொய்வே இல்லாமல் கொண்டுபோய், மிச்சத் தொய்வு அத்தனையும் டென்ஷனர் பக்கம் வருகிற மாதிரி. நான் முதல் தடவை எது கைக்கு வாகாக இருந்ததோ அங்கிருந்து மாட்டினேன். ஆள் இருவர் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், தம்பி பிடித்துக்கொண்டதால்தான் இன்று முடிந்தது.

ஒரு உறுமலில் ஸ்டார்ட். புகை இல்லை. கண்மாய்க் கரை மூன்றாவது கியர்.

மே 19

ஊளைச் சத்தம். வேகம் ஏற ஏற நாய் மாதிரி ஊளையிடுகிறது. மறுபடி நழுவிவிடக் கூடாது என்ற பயத்தில் டென்ஷனரை இறுக்கித் தள்ளியிருக்கிறேன். நீளமான பக்கத்தில் பெல்ட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திருகினால் கால் திருப்பு, அதாவது 90 டிகிரி, திரும்ப வேண்டும் என்று மஸ்கட்டில் ஒரு மலையாளி மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. என்னுடையது பாதி கூடத் திரும்பவில்லை. தளர்த்தி வைத்தேன், ஊளை நின்றது. இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்தால் பல் தாண்டும். ஸ்பிரிங் தானே இழுக்கிற வகை டென்ஷனர் என்றால் இந்த விரல் கணக்கு வேண்டாம், கையேட்டில் சொன்னபடி விட்டுவிடுங்கள்.

மே 23

கீழ்க் கவர் கிடைத்தது. பழைய சாமான் கடையில், வேறொரு குட்டி யானையிலிருந்து கழற்றியது, 150 ரூபாய். ஒரு காது உடைந்திருக்கிறது, கம்பி வைத்துக் கட்டினேன். செம்மண் இனிமேல் கொஞ்சம் யோசித்துத்தான் உள்ளே வரும்.

கணக்குக் கேட்டவர்களுக்கு: சாமான் 1,900, பெயிண்ட் 40, கவர் 150, மண்ணெண்ணெய் வீட்டில் இருந்தது. மெக்கானிக் கூலி 1,500 கேட்டிருந்தார். அதை மிச்சம் பிடித்தேன் என்று சொல்லலாம். ஆனால் வண்டி நின்ற நாட்களில் இரண்டு லோடு போய்விட்டது, அது கூலியை விட அதிகம்.

ஜூன் 2

தேவகோட்டை அண்ணன் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் படித்துவிட்டு மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டாராம். ஆனால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பெல்ட் பல்லை எண்ணச் சொல்லி, சீலையும் மாற்றச் சொல்லி, கீழ்க் கவர் மாட்டும் வரை எழுந்திருக்கவில்லையாம். மெக்கானிக் கடைசியில், "அண்ணே, நீங்க எந்த ஒர்க்‌ஷாப்?" என்று கேட்டாராம்.

மே 4இல் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். வீட்டில் மாற்றலாம். இரண்டு ஆள், முழுசாக இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் லோடுக்கு வேறு வண்டி. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அண்ணன் செய்த மாதிரி ஸ்டூல் போட்டு உட்காருங்கள். "நாலு மணி நேரம்" என்ற வரியை அடித்துவிடலாம் என்றால் தம்பி வேண்டாம் என்கிறான், கிண்டல் பண்ண அவனுக்கு வேண்டுமாம்.

ஜூன் 3

மீட்டர் கேபிள் மாற்றியாயிற்று. 180 ரூபாய், இருபது நிமிடம். 87,412லிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது. டைமிங் கவரில் அந்த வெள்ளை பெயிண்டாலேயே தேதியையும் 87,412 என்ற எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். டீசல் சீட்டுகளை அப்பத்தா இன்னும் ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் போடுகிறது.